மற்றவர்: ஒன்பது முறை

ஜனவரி 18

அன்புத் தம்பி வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். புது ஊரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பிஸ்கட்டிலேயே காலத்தை ஓட்டுகிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. எங்கள் வீட்டில் போன் பொதுச்சொத்து. என் போனில் அவர் மணி பார்ப்பார், அவர் போனில் நான் படம் பார்ப்பேன், கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான். ஆஸ்பத்திரி போனில் பேசினாலோ பக்கத்தில் நாலு காது நிற்கும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் வார்டில் இருந்த கம்ப்யூட்டர்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பதிலுக்கு டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி வந்திருக்கிறது. கழுத்தில் தொங்கும் அட்டையை அதன் மேல் வைத்தால் என் திரை வருகிறது. எடுத்தால் போய்விடுகிறது. மேல் மாடிக்குப் போய் அங்கே இருக்கும் பெட்டியில் வைத்தால், கீழே பாதி எழுதிவிட்டு வந்த குறிப்பு அப்படியே நிற்கிறது. உங்கள் ஆபீஸிலிருந்துதான் எல்லாம் வருகிறதாமே? என் தம்பி மூக்கு சிந்தினால் எங்கள் திரை ஆடும் என்று பெருமையடித்து வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் இங்கேதான் வைத்தியம். ஒரு நர்ஸின் வைத்தியக் கோப்பை இன்னொரு ஊழியர் திறந்து பார்க்க முடியுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

எனக்குக் கொஞ்ச நாளாக முதுகுவலி. மெத்தை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஹாலில் தரையில் படுக்கிறேன். உன் அத்தான் எக்ஸ்ரே எடுக்கிறவர் ஆயிற்றே, விடுவாரா? ‘ஒரு நிமிஷம் வந்து நில்லு, படம் எடுத்துப் பாத்துடலாம்’ என்று தினமும் ஒரு தடவை. வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

பதிலை வீட்டுக்கு எழுதாதே. வார்டு முகவரிக்கு எழுது.

உன் உடம்பைப் பற்றிக் கவலைப்படவே பிறந்த,
அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

பிஸ்கட் இல்லை, ரொட்டி. முன்னேறிவிட்டேன். நீயும் அத்தானும் சுகமாக இருப்பது தெரிந்து சந்தோஷம். முதுகுவலி மட்டும் பிடிக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எங்கள் ஆபீஸில் எல்லாரிடமும் ‘டிபன் பாக்ஸ்’ என்று சொல்லிவிட்டேன். இனிமேல் அதற்கு அதுதான் பெயர். உன் மேஜையில் இருப்பதற்குள் ஒன்றுமே கிடையாது அக்கா. திருடன் தூக்கிக்கொண்டு போனாலும் அவனுக்கு ஒரு பெட்டிதான் லாபம், ஒரு நோயாளியின் பெயர்கூடக் கிடைக்காது. உன் திரை, உன் கோப்புகள், உன் பாதிக் குறிப்பு எல்லாம் இங்கே, நான் உட்காரும் கட்டடத்தில் இருக்கின்றன. நீ பார்ப்பது அதன் படத்தை மட்டும். பிரதி எடுக்க முடியாது, பென் டிரைவ் செருகினால் கண்டுகொள்ளாது. எங்கள் அறைக்குள் போகும்போது எங்கள் போனையே வாசலில் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

ஊழியர்களின் கோப்புக்குத் தனிப் பூட்டு. சிகிச்சைக் குழுவில் இல்லாதவர் திறந்தால் ஒரு கட்டம் வரும், ‘ஏன் திறக்கிறீர்கள்?’ என்று. காரணம் எழுதினால்தான் திறக்கும். அடியோடு பூட்டிவிட முடியாது, அவசரத்தில் ஒரு உயிர் போய்விடும் இல்லையா? ஆனால் எழுதியது பதிவாகும். கோப்புக்கு உரியவர் தன் பக்கத்தில் ‘மற்றவர்: இத்தனை முறை’ என்று தேதியும் நேரமும் பார்க்கலாம். யார் என்று மட்டும் தெரியாது. அதை உங்கள் ஆஸ்பத்திரி விசாரணைக் கமிட்டி கேட்டால்தான் நாங்கள் எடுத்துக் கொடுப்போம்.

இவ்வளவு சொன்னேனே, நீ ஒன்று சொல். யார் கோப்பு? ஏன் வார்டு முகவரி?

அத்தானுக்கு என் அன்பு. அவர் சொல்கிறபடி ஒரு படம் எடுத்துக்கொண்டால்தான் என்ன?

ரொட்டி தின்னும்,
வாலு


பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலத்துக்குக் குறைவில்லை. அங்கே குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஏதாவது வாங்கினாயா?

நான் கேட்டது ஒரு சிநேகிதிக்காக. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்கிறவள். அவளுக்கு ஒரு வைத்தியம் நடக்கிறது, என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. நீ சொன்ன பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். ‘மற்றவர்: மூன்று முறை’ என்று இருக்கிறதாம். பிப்ரவரி 3, 5, 17. அவளுடைய டாக்டரும் லேபும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் யார்?

அவளுக்கு இன்சார்ஜ் சிஸ்டர் மேல் சந்தேகம். காரணம் இருக்கிறது. போன மாதம் வரை ஆபரேஷன் தியேட்டரில் நின்றவளை திடீரென்று எடுத்து, உட்கார்ந்து பட்டியல் எழுதும் வேலையில் போட்டுவிட்டாள். கேட்டதற்கு, ‘கொஞ்ச நாள் உக்காந்து பாரும்மா’ என்று மட்டும் பதில். இன்னொருத்தி, மருந்து மேஜையில் இருப்பவள், முன்பெல்லாம் இவள் கோப்பையில் டீ குடிப்பாள், இப்போது தனிக் கோப்பை கொண்டுவருகிறாள். ரெக்கார்டு ரூம் கிளார்க்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், யார் வீட்டில் என்ன என்று தெரியாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

வாலு, நீ அங்கேதானே இருக்கிறாய். பெயர் ஒன்று போதும். யாரிடமும் சொல்ல மாட்டாள்.

உன் அத்தான் கொஞ்ச நாள் உர்ரென்று இருந்தார். என் போனை எடுத்து மணி பார்க்கிற சாக்கில் என்னென்னவோ பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். இப்போது சரியாகிவிட்டார், அதிலும் ரொம்பவே சரியாகிவிட்டார்.

எப்போதும் உன்னை நினைக்கும்,
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பளி வாங்கிவிட்டேன். காது வரை இழுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ‘குறைவில்லை’ என்று எழுதுகிறாய். அது பதில் இல்லை.

பெயர் எடுத்துத் தர முடியாது அக்கா. கோபித்துக்கொள்ளாதே. கமிட்டி எழுத்தில் கேட்காமல் அந்தப் பட்டியலைத் திறந்தால், திறந்த என் பெயர் இன்னொரு பட்டியலில் விழும். பார்க்கிறவனையும் பார்க்கிற ஏற்பாடு இது. சிநேகிதியைத் தகவல் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் எழுதச் சொல். அதுதான் நேர்வழி.

அத்தான் போன வாரம் எனக்குப் போன் செய்தார். சாப்பாடு, வாடகை என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில், ‘அக்கா உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?’ என்றார். ‘எதைப் பத்தி அத்தான்?’ என்றேன். ‘இல்லப்பா, முதுகுவலி பத்தி’ என்று வைத்துவிட்டார். முதுகுவலியைப் பற்றிக் கேட்க ஒருவர் இவ்வளவு நேரம் தொண்டையைச் செருமுவாரா?

அந்தச் சிநேகிதி நீதானே?

பதிலுக்குக் காத்திருக்கும்,
வாலு


மார்ச் 15

தம்பிக்கு,

சௌக்கியம். நீயும் அப்படியே இரு.

ஆமாம், நான்தான். என்ன என்று கேட்காதே, சொல்ல மாட்டேன். ஜூலை வரை யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அது என் உடம்பு, என் பேச்சு. நான் சொல்லாத விஷயத்தை யாரோ ஒருவர் அட்டையை வைத்துத் திறந்து, உட்கார்ந்து, நிதானமாகப் படித்துவிட்டு, மறுநாள் காலையில் எனக்கு எதிரே வந்து ‘சாப்டீங்களா சிஸ்டர்?’ என்று கேட்கிறார். இப்போது ஐந்து முறை ஆகிவிட்டது. பிப்ரவரி 23. மார்ச் 9.

வார்டில் நடக்கவே கூசுகிறது. யாராவது சிரித்தால் எனக்காகச் சிரிக்கிறார்களோ என்று இருக்கிறது. நேற்று மருந்து மேஜைக்காரி இரண்டு கையுறை போட்டுக்கொண்டு என்னிடம் தட்டை வாங்கினாள். அவள் எப்போதும் இரண்டு போடுகிறவளா, என்னைக் கண்டு போட்டாளா? இதையே நாள் முழுக்க யோசித்தேன். இன்சார்ஜுடன் பேச்சை நிறுத்திவிட்டேன்.

உன்னால் முடியும். முடியாது என்று எழுதுகிறாய். கூடப் பிறந்தவனுக்குச் சட்டம் பேசத் தெரிந்துவிட்டது.

வீட்டில் ஒரே ஒரு ஆறுதல். உன் அத்தானுக்கு என்ன வந்ததோ, எக்ஸ்ரே பேச்சையே விட்டுவிட்டார். நான் கேட்காமலே ஹாலில் எனக்குக் கெட்டியாகப் படுக்கை போடுகிறார். பிப்ரவரி தொடக்கத்தில் எனக்கு வாந்தி வந்த நாட்களில் ஒரு கேள்வி கேட்கவில்லை, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பத்து வருடத்தில் இப்படி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை. அவரிடம் பொய் சொல்கிறோமே என்று உறுத்துகிறது.

எதற்கும் நன்றாக இரு,
அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் விஷயத்தை யோசித்தேன். விட்டுவிடேன் அக்கா. புகார் எதுவும் எழுத வேண்டாம். முன்னால் எழுதச் சொன்னது நான்தான், இப்போது வேண்டாம் என்கிறேன். கமிட்டி, விசாரணை என்று போனால் பத்துப் பேருக்குத் தெரியும், உனக்குத்தான் மன உளைச்சல். பார்த்தவர் உனக்குக் கெடுதல் நினைக்கிறவராக இருக்க மாட்டார். இன்சார்ஜுடன் பேசு, பாவம்.

ஜூலை வரை என்றாயே, ஜூலை வரட்டும். அதற்குப் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 28

தம்பிக்கு,

இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். உன் கடிதத்தைப் பார்த்தால் உனக்குத்தான் உடம்பு சரியில்லாதது போல் இருக்கிறது. ஐந்து வாரம் கழித்துக் கால் பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் ஒரு கிண்டல்கூட இல்லை. கையெழுத்துப் போடும்போது வாலுவைக்கூட விட்டுவிட்டாய்.

நான் கேட்பது ஒன்றுதான். பார்த்தவர் கெடுதல் நினைக்க மாட்டார் என்று உனக்கு எப்படித் தெரியும்? இன்சார்ஜ் ‘பாவம்’ என்று எப்படித் தெரியும்? நீ அவளைப் பார்த்ததுகூட இல்லை. நீ பட்டியலைத் திறந்துவிட்டாய். பெயரும் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு அந்த ஆளைக் காப்பாற்றுகிறாய்.

சரி, என் கோப்பில் என்ன இருக்கிறது என்று நானே சொல்கிறேன், அப்போதாவது உனக்கு உறைக்கிறதா பார்க்கலாம். ஜனவரி 9-ஆம் தேதி, தியேட்டரில் ஊசியை மூடும்போது என் இடது கட்டைவிரலில் குத்திவிட்டது. அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தது. உடனே கழுவி, ரெண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்தெட்டு நாள். சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்துச் சாப்பிட்டேன். ஆறு வாரத்தில் ஒரு சோதனை, மூன்று மாதத்தில் ஒன்று, இரண்டும் நல்லபடியாக வந்தன. ஆறாவது மாதம் கடைசிச் சோதனை, ஜூலை 9. ஆயிரம் பேருக்குக் குத்தினால் மூன்று பேருக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும், நானே எத்தனையோ பேருக்கு அந்தக் கணக்கைச் சொல்லித் தேற்றியிருக்கிறேன். என் விரல் என்றானதும் அந்தக் கணக்கு எனக்கு உதவவில்லை.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் முகத்தில் ஒரு பயம் வருமே, ஒரே ஒரு நொடி வந்தாலும் நான் அதைப் பார்த்துவிடுவேன். அப்புறம் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். சோதனை முடியும் வரை அவரைவிட்டுத் தள்ளிப் படுக்க வேண்டுமே, அதற்குத்தான் முதுகுவலி.

நானும் பயமும் மட்டும் இருந்த இடத்துக்குள் ஏழு முறை ஒரு ஆள் வந்துபோயிருக்கிறார். பெயரை எழுது. மே பத்துக்குள் வரவில்லை என்றால் புகார் கொடுப்பேன்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. அந்த ஊசி என் கையில் குத்தியிருக்கக் கூடாதா என்று இருந்தது. நீ தனியாக இத்தனை மாதம் இருந்திருக்கிறாய், நான் உனக்குக் கம்பளி வாங்கிய கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், பார்த்தேன். மார்ச் கடைசியில், உன் கோபத்தைத் தாங்க முடியாமல். உன் கோப்பைத் திறக்கவில்லை, யார் திறந்தார்கள் என்ற பட்டியலை மட்டும். என் பெயரும் இப்போது ஒரு இடத்தில் இருக்கிறது. யாராவது தேடினால் அகப்படும். நீ புகார் கொடுத்தால் தேடுவார்கள். அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை, என் தலைக்கு வருவது வரட்டும்.

பெயரைச் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அது நீ கண்டுபிடித்ததாகவும் இருக்காது, அவர் சொன்னதாகவும் இருக்காது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் போட்ட கல்லாக இருக்கும். ஜூலை வரை பொறு. அதற்குள் உன் வீட்டில் மனம் விட்டுப் பேசு. அத்தானிடம் நீயாகச் சொல். அவர் பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன்,
வாலு


ஜூலை 14

தம்பிக்கு,

முதலில் நல்ல செய்தி. கடைசிச் சோதனையும் சுத்தம். ஒன்றும் இல்லை. உன் அக்கா ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு பேரோடு சேர்ந்துவிட்டாள். நீ இனி நிம்மதியாக ரொட்டி தின்னலாம்.

மற்றதையும் எழுதுகிறேன். நீ கெஞ்சிய கடிதத்தை நான் நம்பவில்லை. ‘வீட்டில் பேசு, அத்தானிடம் சொல்’ என்று நீ எழுதியிருந்ததைப் புத்திமதி என்றுதான் எடுத்துக்கொண்டேன். மே 12-ஆம் தேதி புகார் கொடுத்தேன். ‘யார் மேலாவது சந்தேகம் உண்டா?’ என்று அதிகாரி கேட்டார். இன்சார்ஜ் பெயரைச் சொன்னேன். அவளைக் கூப்பிட்டு இரண்டு தடவை விசாரித்தார்கள்.

ஜூலை 10, காலை ஒன்பதரை மணி. உன் அத்தான் வார்டு வாசலில் வந்து நின்றார். எக்ஸ்ரே ரூம் கீழே, பக்கத்துக் கட்டடத்தில். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் வேலை நேரத்தில் மேலே வந்ததில்லை. கண் சிவந்திருந்தது. ‘என்ன?’ என்றேன். ‘சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்’ என்றார். சிறிது நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். மனுஷன் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

எனக்கு மதியம்தான் ஓய்வு கிடைத்தது. என் பக்கத்தைத் திறந்தேன். ரிசல்ட் காலை ஒன்பது பத்துக்கு வந்திருக்கிறது. அதன் கீழே, ‘மற்றவர்: ஒன்பது முறை. கடைசியாக ஒன்பது பதினான்கு.’

என் ரிசல்ட் வந்த நாலாவது நிமிஷத்தில் ஒருவர் அதைப் படித்துவிட்டார். பதினாறு நிமிஷத்தில் வாசலில் வந்து நின்றார். இதற்கு மேல் எனக்குக் கமிட்டி எதற்கு?

அதிகாரியிடம் ஓடினேன், புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். முடியாதாம். பட்டியல் வந்துவிட்டது. எனக்கு ஒரு படிவம் கொடுத்தார். ஒன்பது வரிசை. ஒவ்வொன்றிலும் தேதி, அவர் எழுதிய காரணம், பக்கத்தில் ‘என் சம்மதத்துடன் பார்க்கப்பட்டது: ஆம், இல்லை’ என்று இரண்டு கட்டம். ஒன்பதிலும் ஆம் என்று போட்டால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம். இல்லை என்று போட்டால் தண்டனை, வேலையே போனாலும் போகலாம். இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

முதல் வரிசையில் ‘பழைய எக்ஸ்ரேயுடன் ஒப்பிட’ என்று இருக்கிறது. பச்சைப் பொய். இரண்டாவதில், ‘மனைவி. முதுகுவலி என்கிறாள். படம் எடுக்க வர மறுக்கிறாள்.’ எக்ஸ்ரே எடுக்கிறவரிடம் போய் முதுகுவலி என்று பொய் சொன்ன அறிவாளி உன் அக்கா. கடைசி வரிசையில், ‘இன்றைக்கு ரிசல்ட் வரும். அவளுக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்.’

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கெட்டியாகப் படுக்கை போட்டது, கேட்காமல் தண்ணீர் வைத்தது எல்லாம் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுச் செய்தது. நான் அதை அன்பு என்று நினைத்து உனக்கு எழுதினேன். இப்போது அது அன்பா, பரிதாபமா, குற்ற உணர்ச்சியா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் இதுவரை வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வேவு பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

உனக்கு என்ன ஆயிற்று? என்னால் உன் வேலைக்கு ஏதாவது?

அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துவிட்டு ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். மிச்சத்தை அப்புறம் படித்தேன். நீ நன்றாக இருக்கிறாய், அது போதும்.

என்னை உங்கள் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி உன் திரை என் மூக்கால் ஆடாது. பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போகும். நியாயம்தான், நான் பார்த்தேன், மாட்டினேன். எங்கள் ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு நானே அத்தாட்சி. உன் மேல் ஒரு துளி வருத்தம் இல்லை.

அத்தான் என்னை அழைத்தார். நான் எடுத்ததும், ‘உனக்குத் தெரியும்ல?’ என்றார். ‘தெரியும்’ என்றேன். அதற்குப் பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

ஆம் என்று போட்டுவிடு அக்கா. ஒன்பது கட்டம், ஒரு நிமிஷ வேலை. அவருக்கு இந்த வேலையை விட்டால் வேறு வேலை தெரியாது. உன்னைத் தவிர வேறு யாருடைய கோப்பையும் அவர் திறந்ததில்லை.

உன் முடிவு எதுவானாலும் உன் பக்கம் நிற்கும்,
வாலு


ஆகஸ்ட் 9

அன்புத் தம்பி வாலுவுக்கு,

இங்கே இரண்டு பேரும் நலம் என்று இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன். உன் கம்பளியை வெயிலில் காயப்போடு, இல்லாவிட்டால் நாறும்.

ஒன்பதிலும் ‘இல்லை’ என்றுதான் போட்டேன்.

போடுவதற்கு முன்னால் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் அவருக்கு முன்னால் வைத்தேன். பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. ‘தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கல?’ என்றேன். ‘முதல் தடவை நான் சந்தேகப்பட்டுத்தான் தொறந்தேன். நீ வேற யாரையோ நெனைச்சுத்தான் தள்ளிப் படுக்கறேன்னு. உன்னைக் கேட்டா அதையும் சொல்லணும். சொல்ல வாய் வரல’ என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. நான் மாத்திரையை விழுங்கிவிட்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்த நாட்களில் இந்த மனுஷன் எனக்கு ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். ஆனாலும் ஒன்று. முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது நான்தான் முதலில்.

‘ஆம்னு போடட்டுமா?’ என்று கேட்டேன். ‘வேண்டாம், உள்ளதைப் போடு’ என்றார். நானும் யோசித்தேன். நாளைக்கு எங்கள் வார்டில் எவளோ ஒருத்தி, புருஷனுக்குத் தெரியக் கூடாது என்று ஒரு வைத்தியம் பார்த்துக்கொள்வாள். அவன் இவரைப் போல் தண்ணீர் வைக்கிறவனாக இருக்க மாட்டான். ‘அந்த நர்ஸுக்கு மட்டும் விட்டீங்களே, நானும் புருஷன்தானே?’ என்று வந்து நிற்பான். என் ஒன்பது ‘ஆம்’ அவனுக்குத்தான் உதவும்.

வேலை போகவில்லை. எல்லாவற்றையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார் என்பதால் மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பிப் போனாலும் படம் எடுக்கலாம், கோப்பு எதையும் திறக்க முடியாது. என் சம்பளத்தில் இழுத்துப்பிடித்து ஓட்டிவிடுவோம், நீ பணம் கிணம் அனுப்பித் தொலைக்காதே.

இன்சார்ஜிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். என்னைத் தியேட்டரிலிருந்து எடுத்தது எதனால் தெரியுமா? நாள் தவறாமல் ஒரே நேரத்துக்கு எனக்குக் குமட்டுவதைப் பார்த்திருக்கிறாள். பல வருடத்துக்கு முன்னால் அவளுக்கும் ஊசி குத்தி, அதே மாத்திரை சாப்பிட்டவள். தலை சுற்றி விழுந்துவிடுவேனே என்று உட்காரும் வேலை கொடுத்திருக்கிறாள். ஒரு கோப்பையும் அவள் தொடவில்லை. நான் அவளைத்தான் கமிட்டியில் நிறுத்தினேன். மன்னித்துவிட்டேன் என்று சொன்னாள், ஆனால் என்னிடம் பழைய மாதிரி பேசுவதில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை எதிரே உட்கார வைத்து, ஜனவரி 9-ஆம் தேதியிலிருந்து எல்லாவற்றையும் நானாகச் சொன்னேன். அவருக்குத் தெரியாதது எதுவும் அதில் இருக்காது என்றுதான் ஆரம்பித்தேன். தேதி, மாத்திரை, ரத்தச் சோதனை எல்லாம் அவர் ஒன்பது தடவை படித்தது. ஆனாலும் புதிதாகக் கேட்கிறவர் மாதிரியே கேட்டார். நடிக்கிறாரோ என்று பாதி நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் குணம் என்னைவிட்டு இனி லேசில் போகாது போலிருக்கிறது.

சொல்லி முடித்ததும் என் இடது கையை எடுத்து, கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தழும்புகூட இல்லை. ‘குத்தினப்ப வலிச்சுதா?’ என்று கேட்டார்.

ஏழு மாதமாக டாக்டர் கேட்கவில்லை, லேப் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. ‘ரொம்ப’ என்றேன். அப்போதுதான் அழுதேன்.

இனி வீட்டு முகவரிக்கே எழுது.

அக்கா